தாத்தா துப்பாக்கியும் தஞ்சாவூர் ஆயுதக் கிடங்கும்

போன பதிவு தங்க விலை பற்றி. அதற்கு முந்தினது தாம்பரம் ரயில் நிலையம் பற்றி. இந்தத் தடவை துப்பாக்கி. "பி.காம் படிக்கிற பையனுக்கும் துப்பாக்கிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது செம்பாக்கம் வரை கேட்கிறது :-) சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் இது ஒரு கணக்குப்பதிவியல் கேள்விதான்.

விஷயம் இதுதான். திருவண்ணாமலை பக்கம் எங்கள் ஊரில் பெரியப்பாவிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தாத்தா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் எடுத்து, யாரிடமோ பழசாக வாங்கியது. காட்டுப்பன்றி கடலைக் காட்டில் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதன் வீர வரலாறு. தாத்தா போன பிறகு உரிமம் பெரியப்பா பெயருக்கு மாறியது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் போய் வாங்கி வருவது, உரிமம் புதுப்பிக்க அலைவது என்று பெரியப்பாவுக்கு அலுத்துவிட்டது. விற்றுவிடலாம் என்று முடிவு. துப்பாக்கிக் கடையில் கேட்டபோது, "சார், குழல் எல்லாம் மங்கிப் போயிருக்கு, புது ப்ளூயிங் போட்டு, கட்டைக்கு வார்னிஷ் அடிச்சுக் கொண்டு வாங்க, நல்ல விலை போகும்" என்றார்களாம்.

பெரியப்பா என்னிடம் போனில், "நீதான் காமர்ஸ் படிக்கிறியே, செலவு பண்ணா திரும்ப வருமா?" என்று கேட்டார். "கண்டிப்பா வரும் பெரியப்பா, கல்யாண மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி" என்று அடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் சொன்னது தப்போ என்று வயிற்றைக் கலக்கியது. இரண்டு நாள் கழித்து நானே போன் பண்ணி, "பெரியப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். அந்த இரண்டு நாளில் படித்ததும், அதற்கப்புறம் எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ப் பார்த்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் ப்ளூயிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். துப்பாக்கிக் குழல் கருநீலமாக இருப்பது பெயிண்ட் இல்லை. அது ஒரு வகைத் துரு! இரும்பைச் சிவப்பாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அந்தச் சிவப்புத் துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். மேலே நிற்கிற பொடியைத் துடைத்துவிட்டு மறுபடி துருப்பிடிக்க விடுவார்கள். மறுபடி கொதிநீர். இப்படிப் பல தடவை, பல நாள். கடைசியில் குழலோடு ஒட்டிய ஒரு மெல்லிய கருநீலத் தோல் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு துப்பாக்கிகளில் பழுப்பு நிறக் குழல்களும் நிறைய. அதுவும் இதே சங்கதிதான், கொதிக்க வைக்கும் கட்டம் மட்டும் இருக்காது.

இன்னொரு முறை இருக்கிறது. காஸ்டிக் சோடாவும் வெடியுப்பு வகை உப்புகளும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரிக்குக் காய்ச்சி அதில் முக்கி எடுப்பது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், பளபள என்று இருக்கும். தொழிற்சாலைகளில் இது பரவலானது 1930களுக்குப் பிறகு. அதனால் 1890இல் செய்த துப்பாக்கியில் இந்தப் பளபளப்பு தெரிந்தால், விவரம் தெரிந்தவர் கையில் எடுத்த உடனே வைத்துவிடுவார்.

இரட்டைக்குழலுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. இரண்டு குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டை பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் ஒட்டப்பட்டது. காய்ச்சின காஸ்டிக் கரைசல் அந்தப் பற்றைத் தின்றுவிடும். பளபளப்பாகத் துப்பாக்கி வெளியே வரும், கொஞ்ச நாளில் பட்டை தனியாகக் கையில் வரும். இதைப் படித்த இடத்தில்தான் முதல் தடவை பெரியப்பா முகம் கண் முன்னால் வந்தது.

சரி, பழைய முறையிலேயே பொறுமையாகச் செய்தால் என்ன? அங்கேயும் ஒரு சிக்கல். புதுத் தோல் ஏறவேண்டும் என்றால் பழைய தோலை உரிக்க வேண்டும், குழிகளைச் சமன் செய்ய வேண்டும். அதாவது உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் இரும்பு போகும். கூர்மையாக இருந்த விளிம்புகள் மழுங்கும், திருகு ஓட்டைகளைச் சுற்றிக் கிண்ணம் மாதிரிப் பள்ளம் விழும், வெட்டியிருந்த எழுத்துகள் ஆழம் குறையும். மணலை வேகமாக அடித்துக் கோயில் சுவரைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டுகள் மழுங்கிப் போன கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுவர் சுத்தமாகத்தான் ஆனது, ஆனால் சுவரில் எழுதியிருந்தது போச்சு.

பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதிகம் இருக்கும் அமெரிக்காவில், அங்குள்ள தேசிய ரைபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கு நிலைத் தரம் வகுத்திருக்கிறது. புத்தம் புதிது, மிகச் சிறப்பு, நேர்த்தி, மிக நல்லது, நல்லது, சுமார், மோசம் என்று இறங்கு வரிசை. இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது "மிக நல்லது" என்ற தரம். பாகங்கள் எல்லாம் அசலாக, விளிம்புகள் கூராக, எழுத்துகள் தெளிவாக இருந்தால், அசல் பூச்சு துளிகூட மிச்சம் இல்லாத துப்பாக்கியும் இந்தத் தரத்தில் வரலாம். ஆனால் மறுபடி ப்ளூயிங் போட்ட துப்பாக்கி அதற்கு ஒரு படி கீழே, "நல்லது" என்ற தரத்துக்குத்தான் வரும். அதாவது ஒன்றுமே இல்லாமல் இருப்பது, புதிதாகப் பூசியதைவிட மேல்! காசு செலவு செய்து சொத்தின் மதிப்பைக் குறைப்பது. மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா என்று முதல் வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதில் எந்தக் கட்டத்திலும் இது அடங்கவில்லை. செலவுக்கு எதிராகச் சொத்து வரவேண்டும், இங்கே செலவும் போய், சொத்திலும் கழிகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பழைய ஆயுதத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரு காலத்தில் கிடைத்த பதில் ரொம்பக் கொடுமையானது. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அத்தோடு அரசப் பட்டம் முடிந்தது என்று கம்பெனிக்காரர்கள் அறிவித்தார்கள். அரண்மனையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஆயுதக் கிடங்கு ஒன்று இருந்தது. கட்டாரிகள், வாள்கள், ஈட்டிகள், அங்குசங்கள். நாயக்கர் காலத்துச் சாமான்களும் அதில் கலந்திருந்தன. 1860களில் அதைக் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த கொஞ்சம் மட்டும் மெட்ராஸ் மியூசியத்துக்கு வந்தது. மீதியைப் பழைய இரும்பாகத் தள்ளிவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி பின்னால், 1878இல், இந்தத் தஞ்சை ஆயுதக் கிடங்கைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குவியல் அப்படி உடைபட்டுப் போனதில் அவருக்கே வருத்தம்தான்.

இரும்பு என்ன விலை போகுமோ அதுதான் விலை! நம் வணிகவியல் மொழியில் சொன்னால், எல்லாவற்றையும் ஸ்கிராப் மதிப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு உடைபடாமல் தப்பிய தஞ்சாவூர்க் கட்டாரிகள் இன்று உலகத்துப் பெரிய மியூசியங்களின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன.

எழும்பூர் மியூசியத்தில் (1851இல் தொடங்கியது) அந்தக் கட்டாரிகளைப் பார்க்கலாம். செம்பாக்கத்தில் இருந்து பஸ் பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில். எழும்பூரில் இறங்கி நடந்தே போய்விட்டேன். இரும்பில் பூவேலை மாதிரித் துளைபோட்ட கைக்காப்புகள். அருகில் போய்ப் பார்த்தால், பல கட்டாரிகளின் அலகு நம் ஊர் அலகே இல்லை, ஐரோப்பாவில் செய்த வாளை வெட்டிப் பொருத்தியது. கடல் வழியே வந்த பழைய வெளிநாட்டு அலகை நம் கொல்லர் எடுத்து, நம் ஊர் கைப்பிடியில் முடுக்கியிருக்கிறார். இன்றைய சேகரிப்பாளர் கணக்குப்படி பார்த்தால் இதுவே "பாகம் மாற்றியது" அல்லவா? ஆனால் அதனால் யாரும் அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. அந்த மாற்றமே 17ஆம் நூற்றாண்டின் வரலாறு.

துப்பாக்கியிலும் இதே நியாயம் உண்டு. சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி வரும் பழைய துப்பாக்கிகளை, 1830கள், 40களில் தொப்பி வைத்து வெடிக்கும் புது முறைக்கு நிறையப் பேர் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்திலேயே, உபயோகத்துக்காகச் செய்த அந்த மாற்றத்தைச் சேகரிப்பாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் அதே துப்பாக்கியை இப்போது ஒருவர் எடுத்து, "அசல் போலவே" திரும்பச் சக்கிமுக்கிக்கு மாற்றினால் முகம் சுளிக்கிறார்கள். நம் நாட்டு உதாரணம் இன்னும் நெருக்கமானது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் சுதந்திரத்துக்குப் பிறகு பழைய லீ என்ஃபீல்ட் ரைபிள்களைப் பிரித்துச் சீர்செய்து, மேலே கறுப்புப் பூச்சு அடித்து, சீர்செய்ததற்கான முத்திரையும் வருடமும் குத்தி வெளியே விட்டார்கள். ராணுவத்தின் கையாலேயே நடந்த அந்தப் பூச்சு அதன் பிறப்புச் சான்றிதழின் இரண்டாம் பக்கம் மாதிரி. அதைச் சுரண்டிவிட்டு அழகான நீலம் ஏற்றுகிறவர்தான் அதைக் கெடுக்கிறார்.

ஆக, பூச்சு மாறியதா என்பதைவிட, யார் மாற்றினார்கள், எப்போது, எதற்கு என்பதுதான் கேள்வி. ராணுவத்துக்காரன் தேய்த்தால் வரலாறு, நாம் தேய்த்தால் சேதம். கொஞ்சம் ஓரவஞ்சனையாகத்தான் தெரிகிறது! கம்பெனிப் படையின் சிப்பாய்கள் வைத்திருந்த நீளத் துப்பாக்கிகளின் குழல் வெள்ளி மாதிரி மினுங்க வேண்டும் என்பது விதி. செங்கல் தூளும் எண்ணெயும் வைத்துத் தேய்த்தே அதைப் பாதி மெலிய வைத்தார்கள். நம் பாட்டிமார் குத்துவிளக்கைத் தேய்த்த அதே கதை. மெட்ராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடமாக இருந்த பரங்கிமலை நம்ம ஏரியாதான். அந்தப் பக்கம் எத்தனை மூட்டை செங்கல் தூள் செலவாகியிருக்கும் என்று பல்லாவரம் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இனி திப்பு கதை. இந்த விஷயத்தில் தென்னிந்தியாவின் பெரிய உதாரணம் அதுதான்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். படை வேலூர்ப் பக்கம் இருந்து கிளம்பிப் போனது என்பதால் நம் மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு (பெருமைப்பட ஒன்றும் இல்லை). கொள்ளையடித்த பொருள்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதில் திப்புவின் சொந்த ஆயுதச் சாலையில் செய்த துப்பாக்கிகளும் அடக்கம். புலி வரிகள், புலித் தலைகள், வெள்ளி வேலைப்பாடு, குழலில் ஹைதர் பெயர் முத்திரை, திப்பு தானே ஏற்படுத்திய ஆண்டுக் கணக்கில் தேதி. இந்த எழுத்துகளை வைத்துத்தான் ஒரு துப்பாக்கி அசல் என்று நிரூபிக்கிறார்கள். யாராவது புண்ணியவான் "பளபளப்பாக்குகிறேன்" என்று உப்புத்தாளை எடுத்திருந்தால், முதலில் போவது அந்த முத்திரைதான்.

2015 ஏப்ரலில் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு பெரிய சேகரிப்பு விற்பனைக்கு வந்தது. மொத்தம் சுமார் 60 லட்சம் பவுண்டு போனது. அதில் இரண்டு வெடி போடும், வெள்ளி வேலைப்பாடு செய்த திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று மட்டும் 7,22,500 பவுண்டு! மியூசியத்துக்குப் போகும் தரத்தில் பாதுகாக்கப்பட்ட துப்பாக்கி அது.

2019 மார்ச்சில் இன்னொரு ஏலம். இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணில் திப்பு காலத்துச் சாமான்கள் கிடந்தன. கம்பெனிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட் என்பவர் கொண்டுபோனவை. அவற்றில் வெள்ளி வேலைப்பாட்டுடன், குத்துவாள் பொருத்திய சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஏலம் விட்ட ஆண்டனி கிரிப் நிறுவனம் அதைப் பற்றிச் சொன்னதுதான் முக்கியம். மற்ற திப்பு துப்பாக்கிகளில் இல்லாதபடி இதில் சண்டையில் பட்ட சேதம் தெளிவாகத் தெரிகிறது, திப்புவே கடைசிச் சண்டையில் பயன்படுத்தியதாகக்கூட இருக்கலாம் என்றார்கள். 60,000 பவுண்டுக்குப் போனது. அந்த ஏலத்தின் மொத்தமே சுமார் 1,07,000 பவுண்டுதான், பாதிக்கு மேல் இந்த ஒரு துப்பாக்கி.

யோசித்துப் பாருங்கள். இருநூறு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர், "பார்க்க அசிங்கமா இருக்கே, ரிப்பேர் பண்ணிடலாம்" என்று ஒரு நல்ல தச்சரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேதம் மறைந்திருக்கும். சேதத்தோடு சேர்ந்து அந்த மே மாதத்து மதியமும் மறைந்திருக்கும். பரணில் போட்டு மறந்ததுதான் அவர்கள் செய்த மிகச் சிறந்த பராமரிப்பு!

இதை வைத்து, "ஆகா, உடைஞ்சிருந்தாதான் விலை" என்று கிளம்பிவிட வேண்டாம். 7,22,500 எங்கே, 60,000 எங்கே? இரண்டும் வேறு வேறு துப்பாக்கி, வேறு வேறு ஏலம், நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் அசல் பூச்சோடு நன்றாக இருப்பதற்குத்தான் முதல் மரியாதை என்பது தெரிகிறது. அதற்கு அடுத்து, நேர்மையாகத் தேய்ந்தது, அடிபட்டது. அதற்கும் கீழேதான் புதுப்பூச்சு. இந்த வரிசை எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

சரி, அப்படியே விட்டால் துரு தின்றுவிடாதா? இதற்குப் பதிலும் எழும்பூரிலேயே இருக்கிறது. அங்கே 1930இல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர் நம் வெண்கலச் சிலைகளின் நோயை மின்சாரம் செலுத்திக் குணப்படுத்தும் வேலையை அங்கே செய்தார். நோய் என்றே சொல்கிறார்கள். மண்ணில் புதைந்த வெண்கலத்தில் குளோரைடு சேர்ந்து, வெளிர் பச்சையாகப் பொடி உதிர்ந்து, சிலையை உள்ளே இருந்து அரிக்கும். அதை நிறுத்தியே ஆகவேண்டும். ஆனால் எல்லாக் களிம்பும் நோய் இல்லை. காலத்தால் படிந்து இறுகிய ஒரு மெல்லிய படலம் சிலையைக் காக்கும். அரிக்கிற துருவை நிறுத்து, படிந்த தோலைத் தொடாதே என்பதுதான் இன்றைய பாதுகாப்பாளர்களின் வழி. எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர் அதை நீக்க முடிகிற மாதிரிச் செய் என்பதும் உண்டு. பூசிய எண்ணெயைத் துடைக்கலாம், மெழுகை எடுக்கலாம். தேய்த்த இரும்பை யார் திரும்ப ஒட்டுவது?

இரும்புக்கும் அப்படி ஒரு தோல் உண்டு. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கி சுமார் 26 அடி நீளம், ரகுநாத நாயக்கர் காலத்தது. வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டியது. நானூறு வருடமாக வெயிலும் மழையும் தின்கிறது, அப்படியே கிடக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் இந்தப் பீரங்கியையும் ஆராய்ந்திருக்கிறார். டெல்லி இரும்புத் தூண் ஏன் கெடவில்லை என்பதற்கு, அதன்மேல் தானாகவே படிந்த காப்புப் படலம்தான் காரணம் என்று விளக்கியவரும் அவர்தான். யாராவது ஆர்வக்கோளாறில் அந்தப் பீரங்கிக்குப் பளபள கறுப்புப் பெயிண்ட் அடிக்காமல் இருக்கும்வரை நிம்மதி.

(இங்கே ஒரு இடைச்செருகல். நம் கோயில் உற்சவர் முகம் நூற்றாண்டுக்கணக்கில் அபிஷேகம் பட்டு, கண் மூக்கு எல்லாம் மழுங்கியிருக்கும். சேகரிப்பாளர் கணக்கில் அது சேதம். கும்பிடுகிறவர் கணக்கில் அது சாமி பழகிய முகம். மதிப்பு என்பது பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது என்று எங்கள் பொருளாதாரப் பாடம் சொல்வதை நான் நம்பியது அன்றைக்குத்தான்.)

இப்போது பெரியப்பா துப்பாக்கி. அதன் நடுப்பட்டையில் தேய்ந்த எழுத்தில் "பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று இருக்கிறது. மவுண்ட் ரோடு கடிகாரக் கடை என்று நமக்கெல்லாம் தெரிந்த அதே பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அவர்கள் கடிகாரம், நகை, வெள்ளிச் சாமானோடு வேட்டைத் துப்பாக்கிகளும் விற்றார்கள், ரங்கூனிலும் கிளை இருந்தது. துரைமார்களும் ஜமீன்தார்களும் வாங்கிய துப்பாக்கி, கை மாறிக் கை மாறி எங்கள் கடலைக் காட்டுக்கு வந்திருக்கிறது. அந்தப் பெயர் மட்டும் போய்விட்டால் அது யாரோ செய்த ஏதோ ஒரு துப்பாக்கி.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் ஏலக் கணக்கை அப்படியே திருவண்ணாமலைக்குப் போட முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருளை, 1972 தொல்பொருள் சட்டப்படி, தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவே முடியாது. உள்ளூரிலும் வாங்குபவருக்கு உரிமம் வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி, விற்கப்போவதை மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. அதனால் சும்மா சேகரிக்கிற ஆள் இங்கே குறைவு. இருக்கிற ஒன்றிரண்டு இடத்தில் யாரும் சுவரில் மாட்ட வாங்க மாட்டார்கள், சுடத்தான் வாங்குவார்கள்.

இன்னொரு பக்கம், 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே தனிக் கிராக்கி. அந்த விலை தட்டுப்பாட்டின் விலை, அசல் பூச்சின் விலை இல்லை. அப்படிப்பட்ட சந்தையில் பளபளப்பான துப்பாக்கி உடனே விலைபோகும் என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. அவர் வாடிக்கையாளரை அவர் அறிவார். எனவே நான் முதலில் போனில் அடித்துவிட்டதும் முழுத் தப்பு இல்லை, பாதித் தப்பு. (மார்க் போட்டால் 35, ஜஸ்ட் பாஸ்.)

ஆனால் மீதிப் பாதிதான் பயமுறுத்துகிறது. ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறிகளை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம் என்கிறது. அதோடு விடவில்லை. குறி அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்திருக்கிற எண்ணின்மேல் யாராவது கை தெரியாதவர் உப்புத்தாள் போட்டால், விலை குறைவது பற்றி இல்லை, பெரியப்பா ஸ்டேஷனில் பதில் சொல்வது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். பழுதுபார்க்கிறவருக்கும் உரிமம் வேண்டும், தெருமுனை லேத்துப் பட்டறையில் கொடுக்கிற வேலை இல்லை இது.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அரை மணி நேரம். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்றார். குழலுக்குள் சுத்தம் செய்து, வெளியே மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, சிவப்பாகப் பொடி உதிரும் இடம் இருந்தால் அதை மட்டும் விவரம் தெரிந்த, உரிமம் உள்ள ஒருவரிடம் காட்டச் சொன்னேன். வார்னிஷ் வேண்டாம். கட்டையில் தாத்தா கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும் இடத்தை மட்டும் தொடவே வேண்டாம் என்றேன். அதற்குச் சந்தையில் ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்காது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

நாலைந்து நொடி அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆயுத பூஜை வருதே, சந்தனம் குங்குமமாவது வைக்கலாமா, அதுவும் கூடாதா?" என்றார்.

உறைமேல் வையுங்கள் பெரியப்பா என்று சொல்லியிருக்கிறேன்.